மழலை நோயுற்ற இல்லத்தில் உவர்ப்பின்மை



நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டென்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஐயமின்மை, அவாவின்மை, உவர்ப்பின்மை, மயக்கமின்மை, அறப்பழி நீக்கல், அறத்தில் நிலைநிறுத்தல், அன்புடைமை, அறவிளக்கம் என்று அவற்றை வரிசையாகச் சொல்லக் கற்றிருக்கிறோம். எட்டில் ஒன்று குறையினும் நற்காட்சி பிறவித் தொடரை அறுக்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பது ஆன்றோர் கருத்து.

இவ்வெட்டனுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மையை நாம் பெரும்பாலும் துறவோரோடு மட்டுமே சேர்த்து எண்ணி வந்துள்ளோம். நோயால் மெலிந்து, மாசு படிந்திருக்கும் முனிவர் உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமல், அவருடைய மும்மணிக் குணங்களில் பற்றுக் கொள்ளுதல் உவர்ப்பின்மை என்பது நூல் வழக்கு. ஆயினும் முனிவர் நம் வாயிலுக்கு எழுந்தருளும் நாள் அரிது. நம் வீட்டுத் தொட்டிலோ நாள்தோறும் நம் கண்முன் இருப்பது. அத்தொட்டிலில் உறுப்புக் குறையோடு ஒரு மழலை பிறந்து, மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் எடுத்துச் செல்லப்பட வேண்டிய நிலை நேருமானால், அங்கே நம் உவர்ப்பின்மை சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் ஓர் இல்லம் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதைச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொட்டிலருகே ஒரு குடும்பம்

உத்தியோகத்தின் பொருட்டுத் திண்டுக்கல்லில் குடியமர்ந்த நம் குடும்பம் ஒன்றை எண்ணிக் கொள்வோம். சொந்த ஊரின் ஜினாலயம் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. தந்தை காலையில் பணிக்குச் செல்பவர். தாய், பாட்டி, பள்ளி செல்லும் மூத்த பெண் ஆகியோர் வீட்டில் இருக்கின்றனர். இரண்டாவதாகப் பிறந்த குழந்தைக்கு உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. நம் முன்னோர் இதனை ஒறுவாய் என்றனர்.

அக்குழந்தைக்குத் தாயின் மார்பில் வாய் வைத்துப் பால் உறிஞ்ச இயலாது. அண்ணம் மூடியிராமையால் உறிஞ்சும் விசை வாயினுள் உண்டாவதில்லை. குடித்த பாலும் மூக்கு வழியே திரும்பி வந்துவிடும். எனவே தாய் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊற்றி, குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாகப் புகட்டுகிறாள். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடையை இன்றைய மருத்துவர்களும் இத்தகைய குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள். பிற குழந்தைகளுக்குச் சிறுபொழுதில் முடியும் காரியம் இங்கே ஒரு மணி நேரமும் ஆகலாம். முடித்துப் பாலாடையைக் கழுவி வைப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

இனி அறுவை சிகிச்சைகளின் வரிசையைப் பாருங்கள். உதட்டுப் பிளவை மூடுவதற்குக் குழந்தை பத்து வாரமும், பத்துப் பவுண்டு எடையும், இரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபினும் பெற்றிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகக் கொண்டுள்ள ஓர் அளவு. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்திற்குள் அது நடைபெறும். அண்ணத்தை மூடுவது 9 முதல் 18 மாதத்திற்குள். செவியில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்தால் அதற்குத் தனியே ஒரு சிறு அறுவை. பேச்சுப் பயிற்சி பல ஆண்டுகள் தொடரும். பல் முளைக்கும் எலும்பில் இடைவெளி இருந்தால், 8 முதல் 11 வயதளவில் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து நிரப்ப வேண்டும். மூக்கையும் தாடையையும் சீர்செய்யும் அறுவை, வளர்ச்சி முடிந்த பின்னர்ப் பதினாறு, பதினெட்டு வயதில். ஆகவே இது ஒரு நாள் துன்பம் அன்று. ஒரு குழந்தைப் பருவம் முழுதும் நீளும் பயணம்.

இப்பயணத்தில் உடலின் புண் ஆறிவிடுகிறது. ஆறாமல் நிற்பது சொல்லால் உண்டாகும் புண். அச்சொற்களை நாம் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வினையும் வீண்பழியும்

“யார் செய்த பாவமோ, இந்தப் பிஞ்சின் தலையில் விடிந்திருக்கிறது!” நலம் விசாரிக்க வருவோர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் இதுவே. இதனை அருகநெறிக் கொள்கை என்று எண்ணிச் சொல்வோரும் நம்மிடையே உளர். ஆனால் இஃது அருகநெறி அன்று.

தான் செய்த வினையைத் தானே நுகர்வது உயிரின் நியதி. தந்தையின் வினையை மகன் நுகர்வதில்லை; தாயின் வினை மகளைச் சேர்வதில்லை. பன்னிரு சிந்தனைகளுள் ஏகத்துவம் என்னும் தனிமைச் சிந்தனை நமக்கு உணர்த்துவது இதனையே. ஆகவே “பெற்றவர் பாவம் பிள்ளைக்கு” என்று சொல்பவர் நம் ஆகமத்தின் அடிப்படைக்கே மாறாகப் பேசுகிறார்.

அவ்வாறாயின் குழந்தையின் முற்பிறவி வினை என்று சொல்லலாமே எனில், எல்லா உயிர்க்கும் வினை உண்டு என்பது உண்மை. எந்த உயிர் எந்தப் பிறவியில் எதைச் செய்தது என்பதைக் காணும் ஞானம் நம்மிடம் இல்லை. முழுதுணர்ந்த பகவான் அறியத் தக்கதனை, வெற்றிலைத் தட்டின் முன் அமர்ந்து நாம் தீர்ப்பாக வழங்குவது எவ்வாறு தகும்? வினைக் கொள்கை நம் கையில் தரப்பட்ட விளக்கு. நம் முகத்தில் உள்ள மாசைக் காண்பதற்கு அதனைப் பயன்படுத்த வேண்டும். பிறர் வீட்டுத் தொட்டிலில் குற்றம் தேடுவதற்கு அதனை ஏந்துதல் முறையன்று.

இன்னும் நுணுகி நோக்குவோம். எண்வினைகளுள் ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், மோகநீயம், அந்தராயம் ஆகிய நான்கும் காதி வினைகள். உயிரின் குணங்களையே கெடுப்பவை. வேதநீயம், ஆயுஷ்யம், நாமம், கோத்திரம் ஆகிய நான்கும் அகாதி வினைகள். உயிரின் குணங்களை அவை கெடுப்பதில்லை. உடலின் உறுப்பமைப்பு நாம வினையின் பாற்பட்டது. உடலுக்கு வரும் நோவு அசாதா வேதநீயத்தின் பாற்பட்டது. இரண்டும் அகாதி. எனவே, உதடு பிளந்து பிறந்த குழந்தையின் உயிர், அப்பிளவினால் ஓர் அணுவளவும் குறைந்துவிடவில்லை. நேர்த்தியான முகத்தோடு பிறந்த குழந்தையிடம் எத்தகைய உயிர் ஒளிர்கிறதோ, அத்தகைய உயிரே அதனிடமும் ஒளிர்கிறது.

அக்குழந்தையைக் கண்டு நாம் கொள்ளும் அருவருப்பும், அதன் தாய்மேல் நாம் கொள்ளும் சினமும் எந்த வினையின் பாற்பட்டவை? அவை மோகநீயம், காதி வினைகளுள் தலையாயது. மழலையின் வினை அதன் உடலைத் தொட்டு நின்றுவிட்டது. நம் வெறுப்போ நம் உயிரையே தொடுகிறது. இரங்கத் தக்கவர் யார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், அசாதா வேதநீயம் எதனால் வந்து சேர்கிறது என்பதை விளக்குகிறார். துன்பமும், சோகமும், மனக்கொதிப்பும், கதறலும், வதையும், பிறர் உள்ளம் உருகுமாறு புலம்பலும், தன்னிடத்தும் பிறரிடத்தும் உண்டாக்கப்படுமானால் அவ்வினை வந்து சேரும் என்பது அதன் கருத்து. பிறரிடத்தும் என்றதை ஊன்றி நோக்குக. பாலாடையைக் கையில் ஏந்தியிருக்கும் ஒரு தாயை ஒரு சொல்லால் அழவைத்தவர், அவளுடைய பழைய வினையைச் சுட்டிக் காட்டியதாக எண்ணிக்கொண்டு தமக்குப் புதிய வினையைத் தேடிக் கொள்கிறார்.

உலக மயக்கம்

அடுத்து வருவது கிரகணப் பழி. “கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள், அரிவாள்மணையில் காய் நறுக்கியிருப்பாள், அதனால்தான் குழந்தையின் உதடு அறுபட்டது” என்பர். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலையில் வளைய வடிவச் சூரிய கிரகணம் திண்டுக்கல்லில் தெளிவாகத் தெரிந்தது. அத்தகைய நாள்களில் கருவுற்ற பெண்களை இருட்டறையில் அடைத்து வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் உண்டு.

குழந்தையின் உதடு கருவில் உருவாகி இணைவது ஏறத்தாழ 4 முதல் 7 வாரங்களுக்குள். அண்ணம் இணைவது 6 முதல் 9 வாரங்களுக்குள். தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உறுதியாக அறிவதற்கு முன்னரே உதட்டின் அமைப்பு முடிந்துவிடுகிறது. அவ்வாறிருக்க, ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ கண்ட கிரகணம், முன்னரே இணைந்துவிட்ட உதட்டை எவ்வாறு பிளக்கும்? உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று இவ்வாறு பிறக்கிறது. மரபணுக்களின் அமைப்பு, சில வகை மருந்துகள், புகைப் பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு எனப் பல காரணங்கள் கூடி இது நேரக்கூடும் என்பது மருத்துவர் கருத்து. பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட இயலுவதில்லை.

நற்காட்சிக்குப் பகையாக மூன்று மயக்கங்களை நம் நூல்கள் கூறுகின்றன. உலக மயக்கம், தேவ மயக்கம், பாசண்டி மயக்கம் என்பன அவை. ஆற்றில் மூழ்கினால் அறம், கல்லைக் குவித்தால் அறம் என்று ஆராயாமல் கொள்வது உலக மயக்கம். கிரகணப் பழியும் இதனுள் அடங்கும். இதில் அறியாமையோடு கொடுமையும் கலந்திருக்கிறது. ஒரு நிரபராதியின் மேல் அது சுமத்தப்படுகிறது.

தேவ மயக்கமும் இத்தகைய இல்லங்களில் எளிதில் நுழையும். “குழந்தைக்குச் சரியாகட்டும், இன்னது செய்கிறேன்” என்று வரம் வேண்டிப் பேரம் பேசுவது அவாவின்மைக்கு மாறானது. அருகதேவன் விருப்பும் வெறுப்பும் அற்றவன். அவனிடம் கொடுத்து வாங்கும் வாணிபம் இல்லை. அறுவை அறையின் கதவு மூடியபின் வெளியே காத்திருக்கும் பெற்றோர் பஞ்ச நமஸ்காரத்தை ஓதட்டும். குழந்தைக்கு விலையாக அன்று. தம் உள்ளம் ஆர்த்த தியானத்தில் அமிழ்ந்துவிடாமல் தருமத்தில் நிற்பதற்காக.

கத்தியும் கருணையும்

“வினை வந்தது, அனுபவித்தே தீர வேண்டும்; மருத்துவம் எதற்கு?” என்று கேட்போர் சிலர். “பச்சிளங் குழந்தையின் உடலில் கத்தி வைப்பது ஹிம்சை அல்லவா?” என்று கலங்குவோர் சிலர்.

முதல் கேள்விக்கு நம் கரும சித்தாந்தமே விடை தருகிறது. வினை பாறையில் வெட்டிய எழுத்து அன்று. அது பொருள், இடம், காலம், பாவம் ஆகியவற்றின் துணை கொண்டே பயன் தருகிறது. ஒரு வினை தன் இனத்து மற்றொரு வினையாக மாறுவதைச் சங்கிரமணம் என்றும், அடங்கி நிற்பதை உபசமம் என்றும், காலத்திற்கு முன்னரே பயன் தந்து கழிவதை உதீரணை என்றும் ஆசாரியர் பிரித்துக் காட்டியுள்ளனர். இவை யாவும் முயற்சிக்கு இடம் தருகின்றன. முயற்சிக்கு இடமில்லையாயின் தவத்திற்கும் இடமில்லை, வீட்டிற்கும் வழியில்லை. நல்ல மருத்துவரும், ஏற்ற காலமும், குடும்பத்தின் பரிவும் அக்குழந்தைக்கு அமைவதும் அதன் நல்வினைப் பயனே. அதனைத் தடுப்பவர் அந்தராயத்தைத் தேடிக் கொள்கிறார்.

இரண்டாம் கேள்விக்கு அமிர்தசந்திர ஆசாரியரின் புருஷார்த்த சித்தியுபாயம் தெளிவு தருகிறது. விருப்பு வெறுப்பு முதலியன உள்ளத்தில் தோன்றுவதே ஹிம்சை, தோன்றாமையே அஹிம்சை என்பது அந்நூலின் துணிவு. கள்வன் கையிலும் கத்தி இருக்கிறது, மருத்துவன் கையிலும் இருக்கிறது. ஒருவன் பறிப்பதற்கு ஓங்குகிறான். மற்றவன் காப்பதற்கு ஏந்துகிறான். செயல் ஒன்றுபோல் தோன்றினும் பாவம் வேறு.

எனினும் நம் இல்லத்தார் சிலவற்றை மருத்துவரிடம் பணிவோடு வினவலாம். தானே கரையும் தையல் இழைகளுள் பழைய வகை, விலங்கின் குடலிலிருந்து செய்யப்படுவது; செயற்கை இழைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. கூட்டுறை மாத்திரைகள் பலவற்றின் உறை விலங்கின் எலும்பு, தோல் இவற்றிலிருந்து பெறும் ஜெலாட்டினால் ஆனது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பாகு மருந்தே தரலாம். வினவுவது நம் கடமை. வேறு வழி இல்லாதபோது குழந்தையின் சிகிச்சையை நிறுத்திவிடுவது நம் கடமை அன்று. இரவு உண்ணாமை பற்றியும் சில தாயர் கலங்குவதுண்டு. விரதம் ஏற்கும் தகுதி எட்டு வயது நிறைந்த பின்னரே என்பது ஆகமம். இரவில் மருந்தோ பாலோ புகட்ட வேண்டிய மழலைக்குப் புகட்டுவதில் தாய்க்கு ஐயம் வேண்டா.

அறுவைக்கு முன் மயக்க மருந்தின் பொருட்டுத் தாய்ப்பாலை 4 மணி நேரமும், பிற பாலையும் உணவையும் 6 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். காரணம் அறியாத குழந்தை பசியால் அழும். கொடுக்கக் கையில் பால் இருந்தும் கொடாமல் இருப்பது தாய்க்கு எத்துணைக் கடினம்! அறுவை முடிந்த பின், தையலைப் பிய்த்துவிடாதபடி முழங்கை மடங்காமல் கட்டுப் போடுவதும் உண்டு. மூத்த குழந்தைகள் காதில் உண்மையைச் சொல்லி வையுங்கள்: “வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பேன், பிறகு குறையும்.” “ஒன்றும் செய்யமாட்டார்கள்” என்ற பொய், அடுத்த அறுவைக்கு அழைக்கும்போது அக்குழந்தையின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். வாய்மை என்னும் அணுவிரதம் மருத்துவமனைக் கட்டிலருகிலும் காக்கப்பட வேண்டியதே.

உத்தாயன மன்னனின் அரண்மனை

உவர்ப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் போற்றுவது உத்தாயன மன்னனை. அவனுடைய உவர்ப்பின்மையை இந்திரன் தன் அவையில் புகழ, அதனைச் சோதிக்க விழைந்த வாசவன் என்னும் தேவன், தொழுநோயால் உடல் அழுகிய முனிவர் வடிவில் அரண்மனைக்கு வந்தான். மன்னனும் பிரபாவதி தேவியும் எதிர்கொண்டு முறைப்படி ஆகாரம் அளித்தனர். உண்டவற்றை அம்முனிவர் அங்கேயே உமிழ்ந்தார். நாற்றம் தாங்காமல் பணியாளர் ஓடினர். மன்னனும் தேவியும் ஓடவில்லை. தம்மேலேயே உமிழ்ந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. “இவருடைய உடலுக்கு ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே” என்று மன்னன் தன்னையே நொந்து, நீர் கொண்டு அவர் உடலைத் தூய்மை செய்தான். தேவன் தன் உண்மை வடிவைக் காட்டிப் போற்றிச் சென்றான்.

இக்கதையில் ஒன்றைக் கவனியுங்கள். மன்னன் தனியே நிற்கவில்லை. தேவியும் உடன் நின்றாள். நம் இல்லங்களில் பெரும்பாலும் தேவி மட்டும் நிற்கிறாள். மூக்கு வழியே பால் வந்து ஆடை நனைவதும், இரவில் மூன்று முறை எழுவதும், மருத்துவமனை வராந்தாவில் பாய் விரிப்பதும் தாயின் வேலை என்று ஒதுக்கி, பணம் கட்டுவதோடு தந்தை தம் கடமை முடிந்ததாகக் கருதுகிறார். உத்தாயனன் நாட்டை ஆள்பவன். நீர்க்குடத்தை அவனே தூக்கினான். பாலாடை பிடிக்கக் கற்றுக் கொள்வது எந்தத் தந்தைக்கும் இழிவு அன்று.

நோயுற்றார்க்குத் தொண்டு செய்தலாகிய வையாவிருத்தியம் ஆறு அகத்தவங்களுள் ஒன்று. தீர்த்தங்கர நாம கர்மத்திற்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளிலும் அது இடம் பெற்றுள்ளது. துறவோர் பொருட்டுச் சொல்லப்பட்ட தொண்டு அது என்பது உண்மையே. ஆயினும் தன் வீட்டுக் குழந்தையின் புண்ணைத் துடைக்கத் தயங்கும் கை, முனிவர் உடலைத் துடைக்க எங்கே பழகும்?

“பெற்ற குழந்தைமேல் உள்ள அன்பு பற்றுதானே? பற்று பந்தம் அல்லவா?” என்றும் கேட்கலாம். ஆம், என் குழந்தை என்ற அளவில் நிற்கும்போது அது பற்று. அடுத்த கட்டிலில் கிடக்கும் ஏழையின் குழந்தைக்கும் அந்தக் கை நீளும்போது அது கருணையாக மலர்கிறது. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தில் மிக்காரிடம் மகிழ்ச்சி, துன்புறுவாரிடம் இரக்கம், நெறி பிறழ்ந்தாரிடம் நடுநிலை ஆகிய நான்கு பாவனைகளுக்கும் மருத்துவமனைக் கூடத்தைவிடச் சிறந்த பாடசாலை இல்லை.

திண்டுக்கல் சீமையின் சான்று

திண்டுக்கல் சமவெளியில் அருகநெறி நேற்று வந்ததன்று. பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில், பழந்தமிழில் திருவயிரை எனப்பட்ட அக்குன்றில், பாறையின் நெற்றியில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் வரிசையாக விளங்குகின்றன. அங்குள்ள கல்வெட்டொன்று சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஐச் சேர்ந்தது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட அது, பாண்டியர் காலக் கணக்கை வரையறுக்க வரலாற்றறிஞர்க்குப் பெரிதும் துணை செய்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரரின் திருவுருவையும் இயக்கி உருவையும் புதுக்கி, திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தியை அக்கல்வெட்டு உரைக்கிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? திருவுருவம் சிதைவுற்றதும் சாந்திவீரக் குரவர் அதனைக் கைவிடவில்லை. “காலத்தின் நியதி” என்று சொல்லி ஒதுங்கவும் இல்லை. உளி கொண்டு புதுக்கினார். பின்னும் தொடர்ந்து பேணப்படுவதற்குப் பொன்னும் வைத்தார். கல்லில் அமைந்த உருவுக்கே இத்துணைப் பரிவு தகுமாயின், உயிர் குடிகொண்ட மழலையின் முகத்தைப் புதுக்குவதற்கு எத்துணைப் பரிவு வேண்டும்!

மதுரையைச் சார்ந்த அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. 1918இல் பிறந்த கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள், முப்பது வயதளவில் கொடிய மூட்டு வாத நோயால் படுத்த படுக்கையாகி, கைவிரல்கள் கோணிப் போனவர். அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஓய்வு பெற்ற பின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அவர் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்தது. அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் உறுப்பின் குறை உயிரின் குறை ஆகாது என்னும் நம் சித்தாந்தத்திற்கு அவர் வாழ்வு நல்லதொரு விளக்கம்.

சுற்றத்தார் கடமை

இறுதியாக, இத்தகைய இல்லத்தின் சுற்றத்தாராகிய நமக்குச் சில கடமைகள் உண்டு.

முதலாவது, நாவடக்கம். காரணம் கேட்கச் செல்லாதீர்கள். காரியம் செய்யச் செல்லுங்கள். குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் வீட்டில் தனித்து நிற்பது மூத்த பெண்தான். அவளுக்கு வேளைக்கு உணவு, பள்ளிப் பாடம், தலைவாரிப் பின்னல் ஆகியவற்றைக் கவனிக்க ஓர் அத்தையோ சித்தியோ ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்குவது, நூறு ஆறுதல் சொற்களினும் மேலானது. தம்பிமேல் அவளுக்குப் பொறாமை தோன்றினால் அதட்டாதீர்கள். தாயின் மடி தன்னை மறந்துவிட்டதோ என்னும் அச்சமே அவ்வாறு வெளிப்படுகிறது. நாளில் அரை மணியேனும் தாய் அவளோடு மட்டும் இருக்க வழி செய்யுங்கள்.

இரண்டாவது, பொருளுதவி. மருத்துவ தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. அத்தோடு, அரசு வழங்கும் உதவிகளையும் எடுத்துச் சொல்லுங்கள். 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடைபெறும் திட்டம், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அறுவைச் செலவை ஏற்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவி இருதயக் கோளாறு, பிறவிக் கண்புரை முதலியவற்றை இளமையிலேயே கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. உதட்டுப் பிளவுக்குக் கட்டணமின்றி அறுவை செய்ய உதவும் தொண்டு நிறுவனங்களும் உள்ளன. அறியாமையால் நகையை விற்றுக் கடனில் மூழ்கும் குடும்பத்திற்கு இச்செய்தியைச் சேர்ப்பதும் ஞான தானமே.

மூன்றாவது, மதிப்பு. அக்குழந்தையை ஒளித்து வைக்கச் செய்யாதீர்கள். திருவிழாவிற்கும் அபிஷேகத்திற்கும் அழைத்து வரச் சொல்லுங்கள். காது குத்து, கல்யாணங்களில் “குழந்தையை ஏன் தூக்கி வந்தாய்?” என்னும் பார்வை ஒருவர் கண்ணிலும் தோன்றலாகாது. தழும்பைக் காட்டிப் பட்டப்பெயர் சூட்டும் சிறுவரை அவர்தம் பெற்றோரே அன்போடு திருத்துக. பேச்சுத் தெளிவில்லாத குழந்தை பஞ்ச நமஸ்காரம் சொல்லும்போது சிரிக்காமல் கேளுங்கள். எழுத்துகள் மூக்கில் ஒலித்தாலும், உள்ளத்தின் வணக்கத்தில் பிழை இல்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வேதனையை இடைவிடாது எண்ணிக் கொண்டிருப்பதும் ஆர்த்த தியானத்தின் ஒரு வகை. கண்ணீர் வருவது இயல்பு. அதனைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆயினும் பதினெட்டு ஆண்டுத் துன்பத்தையும் இன்றிரவே சுமக்க முயலாதீர்கள். இன்று புகட்ட வேண்டிய பால் இன்றைய கடமை. நாளைய அறுவைக்கு நாளை பலம் வரும். கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தாமல், நாள்தோறும் சிறுபொழுது சேர்ந்தமர்ந்து சாமாயிகம் செய்க. சமநிலை கிடைக்கும் அச்சிறுபொழுதில் வினை உதிர்கிறது; மனம் இளைப்பாறுகிறது.

தொட்டிலில் கிடக்கும் அம்மழலை ஒரு நாள் வளர்ந்து கண்ணாடி முன் நிற்கும். தன் மேலுதட்டின் மெல்லிய கோட்டைத் தொட்டுப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்கும். “உன்னைக் கண்டு இந்த வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, இது நாங்கள் எல்லோரும் சேர்ந்து உனக்குச் செய்த தொண்டின் அடையாளம்” என்று உண்மையாகச் சொல்லக்கூடிய இல்லமே, உவர்ப்பின்மை என்னும் உறுப்பு குறையாத இல்லம். அத்தகைய இல்லங்கள் நம் சமுதாயத்தில் பெருகுக.

நற்காட்சி ஓங்குக! ஜினதர்மம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!